அசலா, ரெப்ரோவா, தைத்ததா? போர் மீள்நடிப்புக்குச் சீருடை சேர்க்கிறவர்களுக்கு

போர் மீள்நடிப்பு, அதாவது பழைய போர்களை அந்தக் காலத்து உடுப்பில் நடித்துக் காட்டுகிற பொழுதுபோக்கு, அதில் இறங்குகிறவர்கள் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "இரண்டாம் உலகப் போர் சிப்பாய் வேடம் கட்டப்போகிறேன், அசல் சாமான் வாங்கட்டுமா, ரெப்ரோ போதுமா, இல்லை தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளட்டுமா?" ரெப்ரோ என்றால் அசலைப் பார்த்து இன்று புதிதாகச் செய்த நகல். கேட்கிறவர்களில் பலர் அதற்குள் ஒரு ஹெல்மெட்டை வாங்கி வைத்திருப்பார்கள். அது பெரும்பாலும் தப்பான ஹெல்மெட்டாக இருக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன் என்பதால் சிரிக்கவில்லை.

முழு உடுப்புக்கும் சேர்த்து ஒரே விடை என்று ஒன்று கிடையாது. கம்பளிச் சட்டைக்கு ஒரு விடை, பூட்ஸுக்கு வேறு விடை, தோள்வார் பைகளுக்கு அதற்கு நேர் எதிரான விடை. அசலா நகலா என்பதை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் கேட்டால் பணமும் மிஞ்சும், பார்க்கவும் ஒழுங்காக இருக்கும்.

## முதலில் வேடம், அப்புறம்தான் கடை

எந்தப் படை, எந்தக் களம், எந்த வருஷம். முடிந்தால் எந்த மாதம். இந்த நான்கும் முடிவாகாமல் ஒரு பொத்தான்கூட வாங்க வேண்டாம்.

மாதம் வரைக்கும் எதற்கு என்றால், போர்க்கால உடைகள் அவ்வளவு வேகமாக மாறின. அமெரிக்க எம்1 ஹெல்மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1941ல் வந்தது. முதலில் தாடை நாடாவை மாட்டுகிற வளையம் அசையாமல் பற்றவைத்திருந்தது, 1943ன் பிற்பகுதியில் அது மடங்குகிற வளையமாக மாறியது. விளிம்பைச் சுற்றியிருக்கும் பட்டையின் இணைப்பு முதலில் நெற்றிப் பக்கம் இருந்தது, 1944ன் பிற்பகுதியில்தான் பின்னுக்குப் போனது. ஆக, பின்பக்கம் இணைப்புள்ள ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு 1944 ஜூன் நார்மண்டித் தரையிறக்கத்தில் நிற்க முடியாது. சோவியத் செஞ்சேனை வேடம் என்றால் 1942 அக்டோபர் ஸ்டாலின்கிராடில் தோள்பட்டைச் சின்னம் இருக்கக் கூடாது, காலர் பட்டைதான். தோள்பட்டைச் சின்னம் திரும்பி வந்தது 1943 ஜனவரியில். ஜெர்மன் சட்டையில் 1936 மாதிரிக்குக் கரும்பச்சைக் காலரும் மடிப்பு வைத்த பைகளும் உண்டு. 1943 மாதிரிக்கு வரும்போது சிக்கனத்துக்காக மடிப்பெல்லாம் போய், பை மூடியும் நேராக வெட்டப்பட்டுவிட்டது. பிரிட்டிஷ் படை என்று மட்டும் சொன்னால் அது ஒன்றுமே சொல்லாத மாதிரி. வடக்கு ஆப்பிரிக்கா என்றால் காக்கி டிரில் என்கிற பருத்தி உடை, நார்மண்டி என்றால் பேட்டில்டிரஸ் என்கிற கம்பளிச் சட்டை, கால்சட்டை, 1944 பர்மா என்றால் காட்டுப்பச்சை.

வியட்நாம் வேடக்காரர்களுக்கும் இதே பள்ளம் உண்டு. ஆலிஸ் என்கிற முதுகுப்பை வரிசை 1973 வாக்கில்தான் வந்தது, அதற்குள் அமெரிக்கத் தரைப்படை அங்கிருந்து கிளம்பிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒருவராவது அதை மாட்டிக்கொண்டு வருவார்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்க்கிற அளவுகோல்கள் இவை. வரிசை முக்கியம்.

பொருளின் வயது. அமெரிக்க உள்நாட்டுப் போர், 1861 முதல் 1865 வரை நடந்தது, அந்தக் காலத்து அசல் கம்பளியை யாரும் அணிய நினைக்கக்கூடக் கூடாது, அது அருங்காட்சியகத்துக்குரியது. முதல் உலகப் போரும் ஏறக்குறைய அப்படியே. வியட்நாம் கால உடைகள் இன்னும் அணியக்கூடிய நிலையில் கிடைக்கின்றன. இரண்டாம் உலகப் போர் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, குழப்பமெல்லாம் அங்கேதான்.

பார்க்கிறவர் எவ்வளவு தூரத்தில். பார்வையாளர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற போலிப் போரில் தையல் நூலின் நிறம் யாருக்கும் தெரியாது. கூடாரம் போட்டு உட்கார்ந்து, வருகிறவர் கையில் பொருளைக் கொடுத்து விளக்குகிற நிகழ்ச்சியில் எல்லாம் தெரியும்.

சேறு. வருஷத்துக்கு எத்தனை நாள் போடப்போகிறீர்கள், தவழ வேண்டுமா, மழையில் தூங்க வேண்டுமா.

உங்கள் உடம்பு. அசல் சீருடைகள் சரியாகச் சாப்பிடாத இருபது வயதுப் பையன்களுக்காகத் தைத்தவை. நாற்பதைத் தாண்டி இடுப்பு பெருத்தவர்கள் இதை முதலில் ஒப்புக்கொண்டால் நிறைய வேலை மிச்சம்.

முழுச் செலவு. விலைச்சீட்டில் இருப்பது மட்டும் செலவு இல்லை. தபால், சுங்கம், மாற்ற வேண்டிய பொத்தான், திருப்பி அனுப்புகிற செலவு, பூச்சி வராமல் வைக்கிற பாடு, கடைசியில் விற்றால் எவ்வளவு திரும்ப வரும் என்பது வரை.

கெட்டுப்போனால் யாருக்கு நஷ்டம். ரெப்ரோ கிழிந்தால் உங்கள் பணம் போகும். அசல் கிழிந்தால் உலகத்தில் ஒன்று குறையும்.

| | அசல் | ஆயத்த ரெப்ரோ | தைத்தது | போருக்குப் பிந்தைய சர்ப்ளஸ் (ராணுவ மிச்சச் சரக்கு) | இரவல் |
|---|---|---|---|---|---|
| வாங்கும்போது செலவு | மிக அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் முதல் அதிகம் | குறைவு | ஒன்றுமில்லை |
| பின்னால் வரும் செலவு | பராமரிப்பு, போலி வாங்கும் ஆபத்து | பொத்தான், நூல், நிற வேறுபாடு | மாதிரித் துணி, திருத்தங்கள் | மறுபடி வாங்குவது | சலவை, நன்றிக்கடன் |
| அளவு பொருந்துமா | அரிது | பெரும்பாலும் | ஆம் | அதிர்ஷ்டம் | அதிர்ஷ்டம் |
| சேற்றுக்கு | வேண்டாம் | ஏற்றது | ஏற்றது | மிக ஏற்றது | கொடுத்தவரைக் கேட்கவும் |
| அருகில் பார்த்தால் | சந்தேகமே இல்லை | கடைக்குக் கடை மாறும் | தையல்காரரைப் பொறுத்தது | தெரிந்தவருக்குத் தெரியும் | மாறும் |
| விற்றால் | மதிப்பு நிற்கும் | பாதியாவது போகும் | உங்கள் அளவுக்காரர் கிடைத்தால் | கொஞ்சம் | பேச்சில்லை |

## அசல்

அசலைக் கையில் எடுக்கிறபோது வருகிற உணர்வை நான் குறைத்துப் பேசமாட்டேன். துணியின் கனம், உள்ளே மங்கிப்போன முத்திரை, பிரிட்டிஷ் பொருள் என்றால் அகன்ற அம்புக்குறி, இந்தியாவில் செய்தது என்றால் அம்போடு ஐ என்ற ஆங்கில எழுத்து, கனடா என்றால் சி எழுத்துக்குள் அம்பு. இதையெல்லாம் நகலில் கொண்டுவந்தாலும் அது வேறுதான்.

ஆனால் அணிவதற்கு? எண்பது வருஷத்து நூல் பார்க்க நன்றாக இருக்கும், கையைத் தூக்கினால் அக்குளில் 'டர்'ரென்று பிரியும். தோல் அதைவிட மோசம். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே எண்ணெய் வற்றி அட்டை மாதிரி ஆகியிருக்கும், மடக்கினால் ஒடியும். அசல் பூட்ஸ் போட்டு நடந்த ஒரே நாளில் இடது பூட்ஸின் அடிப்பாகம் மேல்பாகத்தைவிட்டுத் தனியாக வந்துவிட்டது. அதைத் தைக்கக் கொண்டுபோனபோது செருப்புத் தைப்பவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

இதில் மறைந்திருக்கிற செலவுகளில் பெரியது போலி. ரெப்ரோவை வாங்கி, தேநீரில் ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஒரு பழைய முத்திரை குத்தி அசல் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மன் பொருட்களில், அதுவும் சின்னம் ஒட்டிய ஹெல்மெட்களில், இது மிக அதிகம். புற ஊதா விளக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய நூல்களிலும் துணிகளிலும் வெளுப்புக்காகச் சேர்க்கிற ரசாயனம் அதன் ஒளியில் நீலமாக மின்னும், போர்க்காலத் துணி மின்னக் கூடாது. ஒரு எச்சரிக்கை, பிற்காலத்துச் சோப்புத்தூளில் துவைத்த அசலும் மின்னும். அதனால் மின்னினால் உடனே தூக்கி எறியாதீர்கள், மின்னாவிட்டால் உடனே வாங்கியும் விடாதீர்கள்.

உடம்புக்கு ஆபத்தானவையும் உண்டு. போர்க்கால பிரிட்டிஷ் வாயு முகமூடிகளின் வடிகட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதை முகத்தில் மாட்டி மூச்சு இழுத்துக் காட்டுவது சாகசம் இல்லை, முட்டாள்தனம். பையை மட்டும் தோளில் மாட்டுங்கள், உள்ளே பஞ்சு அடைத்துக்கொள்ளலாம். இருட்டில் ஒளிர்கிற பழைய திசைகாட்டி, கைக்கடிகார முகப்புகளில் ரேடியம் பூச்சு இருக்கலாம், ஒளி போய்விட்டாலும் கதிர்வீச்சு போயிருக்காது, அதனால் அவற்றைப் பிரித்துத் துடைக்க வேண்டாம்.

அசல் எப்போது சரி? அசைவில்லாத காட்சிக்கு. பொம்மை மேல் போட்டு வைப்பதற்கு. இரும்பு, பித்தளை, கெட்டியான பருத்தி நாடா போன்று தாங்கக்கூடிய பொருட்களுக்கு. உள்ளே ஒரு சிப்பாயின் பெயரும் எண்ணும் எழுதியிருந்தால் அதை நான் அணிவதில்லை. விதி ஒன்றும் இல்லை, என் மனசு கேட்காது.

## ஆயத்த ரெப்ரோ

பெரும்பாலானோருக்கு உடுப்பின் நடுப்பகுதி இதுதான். சட்டை, கால்சட்டை, பூட்ஸ். நல்ல ரெப்ரோ நன்றாகவே இருக்கிறது. மோசமானது மிக மோசம், படத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், அதுதான் சிக்கல்.

துணியைப் பற்றி எழுதிக் கேளுங்கள்: நூறு சதவீதம் கம்பளியா, எத்தனை கிராம் எடை. கலப்புத் துணி என்றால் விட்டுவிடுங்கள். தோற்றம் இரண்டாவது காரணம்தான். முகாமில் நெருப்பு மூட்டி உட்காரும்போது பொறி பறந்தால் கம்பளி கருகி அணையும், செயற்கை இழை உருகி ஒட்டும். பிரிட்டிஷ் பேட்டில்டிரஸ் ரெப்ரோக்களில் நிறம் இன்னொரு தொல்லை. சர்ஜ் என்கிற அசல் கம்பளித் துணியில் பழுப்பு தூக்கலாக இருக்கும், மட்டமான நகல் பச்சையாக இருக்கும், ஒரு வரிசையில் நின்றால் அந்த ஒருவர் மட்டும் தனியாகத் தெரிவார். சட்டையையும் கால்சட்டையையும் ஒரே கடையில், ஒரே நேரத்தில் வாங்குங்கள். ஆறு மாசம் கழித்து வாங்கினால் சாயம் மாறியிருக்கும்.

பொத்தான், கொக்கி, ஜிப் இவற்றில்தான் கடைக்காரர்கள் மிச்சம் பிடிப்பார்கள். பொத்தான்களை மட்டும் அசலாக வாங்கி மாற்றினால் நடுத்தர ரெப்ரோ ஒரே மாலையில் உயர்ந்துவிடும். ஒரு மாலை வேலைக்கு இவ்வளவு பலன் தருகிற இன்னொரு காரியம் எனக்குத் தெரியாது.

தள்ளுபடி விலையில் அவசரமாக வாங்குகிறவர்கள், முதல் வருஷம் மட்டமான ரெப்ரோ, இரண்டாம் வருஷம் நல்ல ரெப்ரோ என்று இரண்டு முறை செலவு செய்கிறார்கள். உங்கள் குழுவில் நான்கு வருஷமாகப் போட்டுத் தேய்த்த ஒருவரின் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதே கடையில் வாங்குவது இதைவிட நல்லது.

## தைத்துக்கொள்வது

அளவு கிடைக்காதவர்களுக்கு இதுதான் வழி. மிக உயரமானவர்கள், மிகப் பருமனானவர்கள், பெண்கள், அப்புறம் யாரும் ரெப்ரோ செய்யாத படைகளின் வேடம் கட்டுகிறவர்கள்.

தையல்காரரின் கை கெட்டது என்று சொல்லமாட்டேன், அவர் கண் இந்தக் காலத்துக் கண். அந்தக் கால வெட்டு வேறு. கால்சட்டை தொப்புளுக்கு மேல் ஏறும், தோள்பட்டி போட்டுத்தான் நிற்கும். கைக்குழி அக்குளை ஒட்டி உயரமாக இருக்கும், அதனால்தான் துப்பாக்கியைத் தூக்கினாலும் சட்டை மேலே வராது. நான் படம், அளவு எல்லாம் கொடுத்து ஒரு பேட்டில்டிரஸ் தைக்கக் கொடுத்தேன். ஆள் கெட்டிக்காரர், துணியை அழகாக வெட்டியிருந்தார், ஆனால் "இவ்வளவு மேலே யார் சார் போடுறா" என்று இடுப்பை மூன்று விரல்கடை இறக்கிவிட்டார். பேட்டில்டிரஸில் மேல்சட்டை குட்டையானது, அது கால்சட்டையோடு பின்பக்கம் பொத்தானால் சேரும். இடுப்பு இறங்கினால் இரண்டுக்கும் நடுவே உள்சட்டை எட்டிப் பார்க்கும். அன்றைக்கு நான் குனியாமலே ஒரு போரை நடத்தி முடித்தேன்.

அதனால் முதலில் விலை குறைந்த துணியில் ஒரு மாதிரி தைக்கச் சொல்லுங்கள், அதைப் போட்டு உட்கார்ந்து, தவழ்ந்து, கையை உயர்த்திப் பார்த்துவிட்டுத்தான் கம்பளியில் கத்தரி வைக்க வேண்டும். சரியான எடையுள்ள கம்பளி கிடைப்பதே பெரிய வேலை, குறைந்தபட்சம் இவ்வளவு மீட்டர் என்று விற்பார்கள், தனி ஆளுக்குக் கட்டாது. குழுவாக நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே துணிச்சுருளில் தைத்தால் செலவும் குறையும், எல்லோருக்கும் நிறமும் ஒன்றாகிவிடும். பொத்தான் துளையைக் கையால் போடத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## போருக்குப் பிந்தைய சர்ப்ளஸ்

சிலர் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் வேடக்காரர்கள் கெட்ட வேடத்துக்கு 'ஃபார்ப்' என்று ஒரு வசைச்சொல் வைத்திருக்கிறார்கள், சர்ப்ளஸ் என்றாலே அந்தச் சொல் பறக்கும். எனக்கு அந்தக் கோபம் இல்லை. எது மாறவில்லையோ அதைச் சர்ப்ளஸில் வாங்குவது புத்திசாலித்தனம்.

பிரிட்டிஷ் 1937 மாதிரி வெப்பிங்கைப் பாருங்கள், அதாவது பெல்ட், தோட்டாப் பைகள், தோள்வார், சிறு முதுகுப்பை. போர் முடிந்த பிறகும் பல நாடுகள் அதையே செய்தன. 1950கள் முத்திரை உள்ள பை, மூடியைத் திறந்து உள்ளே பார்க்காதவரை, போர்க்காலப் பைதான். பெல்ஜியத்தில் செய்ததில் நெசவும் சில உலோக பாகங்களும் கொஞ்சம் மாறும். அதற்கும் வழி இருக்கிறது: பிரிட்டிஷ் சிப்பாய்கள் வெப்பிங் மேல் பிளாங்கோ என்கிற நிறப்பொடியைக் குழைத்துப் பூசினார்கள். காக்கிப்பச்சை மூன்றாம் எண் பூசிவிட்டால் நான்கு நாட்டுப் பைகளும் ஒரே நிறமாகிவிடும். பூசிய பிறகு சேகரிப்பாளர்கள் வாங்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சோவியத் வேடத்துக்கு மழைக்குத் தார்ப்பாய் மாதிரி போர்த்துகிற பிளாஷ்-பலாட்கா போருக்குப் பின் செய்ததே போதும். ஸ்பெயினின் 1942 மாதிரி ஹெல்மெட் தூரத்தில் ஜெர்மன் ஹெல்மெட் போலவே இருக்கும், ஆனால் நெற்றியில் சின்னம் மாட்டுகிற தாங்கி ஒன்று இருக்கும், அதை எடுத்தால்தான் சரிவரும்.

ஏமாறுகிற இடம் உடைகளில். 1949 மாதிரி பேட்டில்டிரஸின் காலர் கோட்டு மாதிரி விரிந்திருக்கும், போர்க்காலச் சிப்பாயுடையது கழுத்து வரை மூடும். அமெரிக்க 1951 மாதிரி ஜாக்கெட்டில் ஜிப் உண்டு, 1943 மாதிரியில் பொத்தான் மட்டும். 1951ஐ "கொஞ்சம் மாற்றினால் போதும்" என்று சொல்லி விற்பார்கள். போதாது. ஜிப்பை எடுத்து, துளை போட்டு, வெட்டைத் திருத்தி முடிப்பதற்குள் நல்ல ரெப்ரோவின் விலை வந்துவிடும், கையில் இருப்பது அப்போதும் திருத்திய 1951தான்.

## இரவல்

முதல் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. நிலைத்த குழுக்கள் பல புதியவர்களுக்கென்று ஒன்றிரண்டு முழு உடுப்பு வைத்திருக்கும். கம்பளியில் ஒரு வெயில் நாளைக் கழித்துப் பார்த்தால்தான் இந்தப் பொழுதுபோக்கு உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரியும். பூட்ஸ் மட்டும் இரவல் வாங்காதீர்கள், அளவு பொருந்தாத ஆணி பூட்ஸில் சிமெண்டுத் தரையில் நடப்பது பனிச்சறுக்கு மாதிரிதான்.

இன்னொரு லாபம், குழு அங்கீகரித்த பொருட்களின் பட்டியல் உங்களுக்குக் கிடைக்கும். சில குழுக்களில் ஒவ்வொரு பொருளையும் பார்த்துச் சரி சொல்ல ஓர் ஆளே உண்டு. தையலை எண்ணுகிற அந்த ஆள் எரிச்சலூட்டுவார், ஆனால் தப்பான ஹெல்மெட் வாங்குவதற்கு முன்னால் அவரைச் சந்தித்திருந்தால் என் பணம் மிஞ்சியிருக்கும்.

## பொருள் பொருளாக என் தீர்ப்பு

பூட்ஸ்: ரெப்ரோ, விவாதமே இல்லை, இருக்கிற பணத்தில் முதல் பங்கு இதற்கு. மேல்சட்டையும் கால்சட்டையும்: ரெப்ரோ, அளவு கிடைக்காவிட்டால் தைப்பது. வெப்பிங்: பிரிட்டிஷ், அமெரிக்க வேடங்களுக்குத் தேதி பொருந்துகிற அசலோ சர்ப்ளஸோ, ஏனென்றால் நகலின் நெசவு மெல்லியதாக இருந்து இரண்டு மழையில் தொங்கிவிடும். ஜெர்மன் தோல் பெல்ட், தோட்டாப் பை: ரெப்ரோ. ஜப்பானியச் சீருடை: ரெப்ரோ, அசல் அளவுகள் மிகச் சிறியவை. ஹெல்மெட்: ஓடு அசலாகவோ சர்ப்ளஸாகவோ இருக்கலாம், உள் பட்டியும் நாடாவும் புதிது. தண்ணீர்க் குடுவை: பார்வைக்கு அசல், குடிக்கப் புதியது. சாப்பாட்டுத் தட்டு, கரண்டி, சவரச் சாமான்: அசல், இவைதான் விலை குறைவாகக் கிடைக்கிற அசல்கள், பார்வையாளர்களும் இவற்றைத்தான் கையில் எடுத்துப் பார்ப்பார்கள்.

பதக்கமும் பெரிய பதவிச் சின்னமும் வேண்டாம், சாதாரண சிப்பாயாக இருங்கள், செலவும் குறைவு, தப்பும் குறைவு. ஜெர்மன் வேடம் என்றால் சட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஜெர்மனியில் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின்படி நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவது குற்றம், கல்வி, கலை, வரலாறு சார்ந்தவற்றுக்கு விலக்கு உண்டு என்றாலும் உங்கள் நிகழ்ச்சி அதில் வருமா என்பது ஏற்பாட்டாளர் எழுத்தில் சொல்ல வேண்டிய விஷயம். உடுப்பை உடுத்திக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள். துப்பாக்கியும் அதேபோல நாட்டுக்கு நாடு விதி மாறும், செயலிழக்கச் செய்ததற்கும் காகிதம் கேட்பார்கள், அதனால் அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் இரண்டு வருஷம் வெறுங்கையோடு மருத்துவ உதவியாளராக வந்தார். தூக்குப் படுக்கை சுமக்க ஆள் இல்லாமல் இருந்தது, யாரும் அவரிடம் துப்பாக்கி எங்கே என்று கேட்கவில்லை.